யூலிஷிலும் பழுப்பு நிலக்கரிதான்: நெய்வேலி இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெய்வேலி நகரியத்துப் பள்ளிகளிலும் ஜவஹர் அறிவியல் கல்லூரியிலும், வடலூர், விருத்தாசலம், பண்ருட்டி என்று சுற்றுவட்டாரம் முழுக்கவும் இயற்பியல் படிக்கும் மாணவ மாணவியருக்கு,



நிலக்கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே எதற்காகக் காந்தம் தொங்கவிடுகிறார்கள் என்று சுரங்க ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. கரியோடு போல்ட், நட்டு, உடைந்த இரும்புத் துண்டு எது கலந்து வந்தாலும் காந்தம் மேலே இழுத்துக்கொள்ளும். இழுக்காமல் விட்டால் அந்தத் துண்டு நொறுக்கும் இயந்திரத்தில் போய்ச் சிக்கும். இல்லாவிட்டால் பெல்ட்டையே நீளவாக்கில் கிழித்துவிடும். ஆனால் சுரங்கத் தொழிலில் பழகியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. மண் தோண்டும் இயந்திரத்தின் மாங்கனீசு எஃகுப் பல் ஒன்று உடைந்து பெல்ட்டில் விழுந்தால், காந்தம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தத் துண்டில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு இரும்பு. இருந்தும் காந்தத்தின் கணக்கில் அது இரும்பே இல்லை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்டுபிடித்த எஃகு அது. இரும்போடு 12, 13 சதவீதம் மாங்கனீசு, ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கார்பன். அடி வாங்க வாங்க இறுகும் குணம் உள்ளதால் நொறுக்கும் தாடைகளுக்கும் மண் தோண்டும் பற்களுக்கும் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மாங்கனீசு சேர்ந்ததும் இரும்பணுக்கள் அடுக்கிக்கொள்ளும் முறையே மாறிவிடுகிறது. பக்கத்து அணுவோடு ஒரே திசையில் நிற்கும் பழக்கம் போய்விடுகிறது. அதனால்தான் பெல்ட்டில் காந்தம் மட்டும் போதாமல், உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுகிறதா என்று பார்க்கும் மெட்டல் டிடெக்டரும் வேண்டியிருக்கிறது.

எந்த உலோகம் என்பதைவிட, எதோடு எத்தனை பங்கு சேர்ந்திருக்கிறது என்பதுதான் காந்தக் குணத்தைத் தீர்மானிக்கிறது. கட்டி உலோகத்திலேயே இப்படி என்றால், ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது கேட்கவே வேண்டாம். ஐந்தாறு அணு தடிமனில் ஓர் உலோகம், அதன்மேல் இன்னோர் உலோகம், மறுபடியும் முதல் உலோகம். இந்தப் பல்லடுக்கு மென்படலங்களைப் பற்றிய மடல் இது. அதை நெய்வேலி முகவரிக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது.

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று பதிவானது. அதற்கு நான்கு வாரம் கழித்து, டிசம்பர் 11 அன்று, மேற்கு ஜெர்மனியின் நார்த் ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆராய்ச்சி மையம் அமைக்கத் தீர்மானம் போட்டது. அது உருவான ஊர் யூலிஷ். வரைபடத்தில் தேடிப் பாருங்கள்: ஊருக்கு ஒரு பக்கம் ஹம்பாக், இன்னொரு பக்கம் இண்டென், இரண்டும் திறந்தவெளிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள். பக்கத்திலேயே வைஸ்வைலர் அனல்மின் நிலையம். அங்கேயும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள், அங்கேயும் மேல்மண்ணைச் சுமந்து போகும் பெல்ட்டுகள். நெய்வேலிக்கு வந்த தோண்டு இயந்திரங்களும் ஜெர்மனி வழி வந்தவைதான். கடலூர் மணற்கல்லின் கடினத்தில் அவற்றின் பற்கள் தேய்ந்து, வெடிவைத்து மண்ணைத் தளர்த்திய பிறகே தோண்ட முடிந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள்.

ஒற்றுமை அத்தோடு நிற்கவில்லை. 2023 ஜனவரியில் சுரங்க விரிவாக்கத்துக்காக லூட்ஸராத் என்ற ஜெர்மன் கிராமத்தைக் காலி செய்தபோது காவல்துறைக்கும் போராட்டக்காரர்களுக்கும் மோதல் மூண்டது. அதே ஆண்டு ஜூலையில் மேல்வளையமாதேவியில் கதிர் பிடித்த நெல் வயலுக்கு நடுவே சுரங்கத்துக்காகக் கால்வாய் வெட்டியபோது இங்கே என்ன நடந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நிலக்கரி ஊர்களின் வரலாற்றில் இந்தப் பக்கமும் இருக்கிறது.

இனி யூலிஷ் ஆராய்ச்சி மையத்துக்குள் நுழைவோம். 1986-இல் அங்கே பீட்டர் க்ருன்பெர்க் என்ற இயற்பியலாளர், இரண்டு மெல்லிய இரும்புப் படலங்களுக்கு நடுவே குரோமியத்தை வைத்துப் பார்த்தார். குரோமியத்தின் தடிமன் ஒரு நானோமீட்டர் அளவுக்கு வந்தபோது இரண்டு இரும்புப் படலங்களும் தாமாகவே எதிரெதிர்த் திசையில் காந்தமாகி நின்றன. வெளியிலிருந்து எந்தக் காந்தப்புலமும் தரவில்லை. நடுவில் இருக்கும் உலோகத்தின் எலக்ட்ரான்கள் வழியாக ஒரு படலம் இன்னொரு படலத்துக்குத் தன் திசையைத் தெரிவிக்கிறது. அடுத்து அவர் கேட்ட கேள்வி எளிமையானது: வெளிப்புலம் கொடுத்து இரண்டையும் ஒரே திசைக்குத் திருப்பினால் மின்தடை மாறுமா? மாறியது. அறை வெப்பநிலையில் சுமார் ஒன்றரை சதவீதம். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அதுவரை தெரிந்திருந்த காந்தமின்தடை விளைவுகளால் இதை விளக்க முடியவில்லை.

காரணம் எலக்ட்ரானின் தற்சுழற்சி. மேல், கீழ் என்று அதற்கு இரண்டே நிலை. காந்த உலோகத்தின் வழியே போகும்போது ஒரு நிலையில் உள்ள எலக்ட்ரான்கள் அதிகம் சிதறாமல் நழுவிவிடும். மற்ற நிலையில் உள்ளவை மோதிச் சிதறும். இரண்டு படலங்களும் ஒரே திசையில் காந்தமாகியிருந்தால் ஒரு வகை எலக்ட்ரான்களாவது இரண்டையும் சுலபமாகக் கடக்கும், மின்தடை குறையும். எதிரெதிராக நின்றால் எந்த வகையும் தப்பாது, எங்கேயாவது ஓரிடத்தில் சிதறித்தான் ஆக வேண்டும், மின்தடை கூடும். எந்த வகை நழுவும், எந்த வகை சிக்கும் என்பதும் உலோகச் சோடியைப் பொறுத்தது. கோபால்ட்டும் செம்பும் சேர்ந்தால் ஒரு வகை, இரும்பும் குரோமியமும் சேர்ந்தால் மற்ற வகை.

அதே சமயத்தில் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர்சேயில் ஆல்பெர் ஃபெர் குழுவினர் இதே இரும்பு, குரோமியத்தையே வேறு விதமாக அடுக்கினார்கள். மூன்று நானோமீட்டர் இரும்பு, 0.9 நானோமீட்டர் குரோமியம் என்ற சோடி. அதுவே அறுபது முறை. திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் அளந்தால் மின்தடை கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 1988 நவம்பரில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. க்ருன்பெர்க் தம் கட்டுரையை முன்பே அனுப்பியிருந்தும் அது 1989-இல்தான் அச்சேறியது. அதற்குள் யூலிஷ் மையம் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டது. பிற்பாடு மையத்துக்கு நல்ல வருமானம் தந்த விண்ணப்பம் அது. மாபெரும் காந்தமின்தடை, சுருக்கமாக ஜி.எம்.ஆர்., என்று பெயர் பெற்ற இந்த விளைவுக்காக 2007-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு இரண்டு பேருக்குத்தான். ஆனால் இதை ஆய்வகத்திலிருந்து கடைத்தெருவுக்குக் கொண்டுவந்ததில் மூன்றாவதாக ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. கலிபோர்னியாவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் பார்க்கின், மெல்ல மெல்ல வளர்க்கும் விலையுயர்ந்த முறையை விட்டுவிட்டு, தொழிற்சாலைகளில் புழங்கும் ஸ்பட்டரிங் முறையிலேயே படலங்களைச் செய்தார். சீக்கிரம் செய்ய முடிந்ததால் நிறையச் செய்தார். நடுப்படலத்துக்குத் தனிம அட்டவணையின் இடைநிலைத் தனிமங்களை வரிசையாக எடுத்துப் போட்டுப் பார்த்தார். ருதீனியத்தின் தடிமனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் காந்தப் படலங்கள் எதிரெதிர், ஒரே திசை, மறுபடி எதிரெதிர் என்று மாறி மாறி நிற்பதைக் கண்டார். ஏறக்குறைய ஒரு நானோமீட்டருக்கு ஒரு சுற்று. கோபால்ட், செம்பு அடுக்குகளில் 1991-இல் அறை வெப்பநிலையிலேயே 65 சதவீதத்துக்கு மேல் மாற்றம் கிடைத்தது. 1997 இறுதியில் ஜி.எம்.ஆர். வாசிப்புத் தலை பொருத்திய ஹார்ட் டிஸ்கை ஐ.பி.எம். விற்பனைக்கு விட்டது.

இங்கிருந்துதான் கலவையின் கதை சூடு பிடிக்கிறது. பாடப்புத்தகத்தில் காந்தத் தயக்கக் கண்ணி படித்திருப்பீர்கள். கண்ணி ஒல்லியாக இருந்தால் மென்காந்தம், பருத்திருந்தால் வன்காந்தம். ஒல்லியான கண்ணிக்குப் பெயர் போனது பெர்மல்லாய். சுமார் எண்பது சதவீதம் நிக்கல், மீதி இரும்பு. அமெரிக்காவில் கஸ்டாவ் எல்மென் உருவாக்கிய இந்தக் கலவை 1924-இலேயே கடலடித் தந்திக் கம்பியில் சுற்றப்பட்டது. ஏன் எண்பது? காந்தமாகும்போது உலோகத்தின் நீளம் இம்மியளவு மாறும். இரும்பு கூடிய பக்கம் போனால் நீளும். நிக்கல் கூடிய பக்கம் போனால் சுருங்கும். 81 சதவீதத்துக்குப் பக்கத்தில் இரண்டும் இல்லை. படலத்தை எந்தத் தகட்டில் ஒட்டினாலும், அந்தத் தகடு வெப்பத்தில் விரிந்தாலும் வளைந்தாலும், காந்தக் குணம் அதிகம் கலையாது. மென்படல உணரி செய்கிறவர்கள் இந்த ஒரு எண்ணை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

ஆனால் பெர்மல்லாய்க்கும் ஒரு குறை. செம்போடு அது சேரும் எல்லையில் ஜி.எம்.ஆர். விளைவு அவ்வளவாக வருவதில்லை. அந்த எல்லையில் ஓரிரு அணு அடுக்கு கோபால்ட்டைத் தூவினால் விளைவு கணிசமாக உயர்கிறது என்று பார்க்கின் 1993-இல் காட்டினார். உள்ளுக்குள் பெர்மல்லாய், விளிம்பில் மட்டும் கோபால்ட். எளிதில் திரும்பும் குணமும் கிடைக்கும், நல்ல சிக்னலும் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் தலைக்குள் இருந்த அடுக்கைக் கீழிருந்து மேலாக வாசித்தால் ஒவ்வோர் உலோகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும்: இரிடியம்-மாங்கனீசு, மேலே உள்ள படலம் திரும்பிவிடாமல் பூட்டி வைக்க; கோபால்ட்-இரும்பு, ருதீனியம், மறுபடி கோபால்ட்-இரும்பு, ஒன்றுக்கொன்று எதிராக நின்று வெளியே காந்தப்புலம் கசியாமல் இருக்க; செம்பு, எலக்ட்ரான்கள் கடக்க; கடைசியில் கோபால்ட்-இரும்பும் பெர்மல்லாயும், டிஸ்கிலிருந்து வரும் புலத்துக்கு இசைந்து திரும்ப. மாங்கனீசு இங்கே மறுபடியும் தலைகாட்டுவதைக் கவனித்தீர்களா? கன்வேயர் காந்தத்தை ஏமாற்றிய அதே தனிமம் இங்கே காவல் வேலை பார்க்கிறது.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. சாதாரணமாக ஒரு மெல்லிய காந்தப் படலத்தில் காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே படுத்திருக்கும். அதுதான் அதற்கு வசதி. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பீட்டர் கார்சியா குழுவினர் 1985-இல் கோபால்ட்டையும் பல்லேடியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கோபால்ட்டின் தடிமன் 0.8 நானோமீட்டருக்குக் கீழே போனதும் காந்தமாக்கம் தளத்துக்குச் செங்குத்தாக எழுந்து நின்றது. இரண்டு உலோகங்கள் தொடும் எல்லைதான் அதை நிமிர்த்துகிறது. கோபால்ட் தடித்தால் எல்லையின் பிடி தளர்ந்து மறுபடி படுத்துவிடும். பல்லேடியத்துக்குப் பதில் பிளாட்டினம் போடலாம். ஃபிலிப்ஸ் ஆய்வகத்தினர் 1992-இல் காட்டியபடி, விலை குறைந்த நிக்கலை வைத்தும் நிமிர்த்தலாம். கோபால்ட்டில் கொஞ்சம் இரும்பைக் கலந்தால் நிமிரும் போக்கும் காந்தத்தின் வலிமையும் வேறு வேறு அளவில் நகரும். தடிமன், எத்தனை முறை அடுக்குவது, கலவை விகிதம் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு விளையாடிய ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் வந்துகொண்டே இருக்கின்றன. உண்மையைச் சொன்னால் அவற்றில் பாதி ஒரே மாதிரி இருக்கும். மீதிப் பாதி ஒன்றரை சதவீத மாற்றத்தில் ஒரு புதிய சாதனத்தைத் திறந்து காட்டும்.

காந்தம் எந்தத் திசையில் நிற்க விரும்புகிறது என்ற இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்காரர் ஒருவரின் பழைய கேள்வி. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு செய்த பணிக்காகத்தான் பரவலாக அறியப்படுகிறார். ஆனால் 1928-க்குப் பின் டாக்காவில் இருந்த ஆண்டுகளில் அவர் இறங்கியது படிகங்களின் காந்தவியலில். ஒரு படிகம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுபட்டுக் காந்தமாகிறது என்பதை, அதை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்தே அளந்தார். எளிய கருவி, நுணுக்கமான அளவு.

கலவைக்குக் காந்தம் எவ்வளவு கட்டுப்படும் என்பதற்கு உச்சமான உதாரணம் டெர்பியம். இது ஓர் அருமண் உலோகம். இரும்போடும் கோபால்ட்டோடும் சேர்த்துப் படலமாக்கினால் டெர்பியம் அணுக்களின் காந்தம் ஒரு பக்கமும் இரும்பணுக்களின் காந்தம் எதிர்ப்பக்கமும் நிற்கும். இழுபறியில் எந்தக் கட்சி பெரிதோ அதன் திசை வெல்லும். டெர்பியம் சில சதவீதம் குறைந்தால் இரும்பு வெல்கிறது, கூடினால் டெர்பியம். சரிசமமாகும் விகிதத்தில் நிகரக் காந்தம் சுழியாகிவிடும். அந்த நிலையில் அதை வெளிப்புலத்தால் திருப்புவது ஏறக்குறைய முடியாத காரியம், ஏனென்றால் பிடித்துத் திருப்ப அங்கே எதுவும் மிச்சமில்லை. எந்த வெப்பநிலையில் இந்தச் சமநிலை வரவேண்டும் என்பதையும் கலவையை வைத்தே நிர்ணயிக்கலாம். ஒரு சதவீதம் நகர்த்தினால் பல பத்து டிகிரி நகரும். சோனி 1992-இல் வெளியிட்ட மினிடிஸ்கின் பதிவுப் படலம் இந்தக் கலவைதான். லேசர் சுடவைத்தால் எழுதலாம். ஆறிய பின் வெளிக்காந்தத்தால் எளிதில் அழிக்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் அருமண் தனிமங்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் பெரும்பங்கு சீரியம், லாந்தனம், நியோடிமியம். டெர்பியம் மிகச் சொற்பம்.

அடுத்த பெரிய திருப்பத்தில் சென்னையின் நிழல் விழுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற ஜகதீஷ் மூடேரா, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே உலோகத்துக்குப் பதிலாக மின்கடத்தாப் பொருளான அலுமினியம் ஆக்சைடை வைத்தார். எலக்ட்ரான்கள் அதைக் குவாண்டம் முறைப்படி ஊடுருவிக் கடக்க வேண்டும். 1995-இல் அவர் குழு வெளியிட்ட அளவு அறை வெப்பநிலையில் 11.8 சதவீதம். அதே ஆண்டு ஜப்பானில் டெருனோபு மியாசாகியும் இதே விளைவைக் காட்டினார். அதன்பின் அலுமினியம் ஆக்சைடு போய் மக்னீசியம் ஆக்சைடு வந்தது. காந்தப் படலத்தில் கோபால்ட், இரும்போடு போரானும் சேர்ந்தது. போரான் எதற்கு? இருபது சதவீதம் போரான் இருந்தால் படலம் படிகமாகாமல் கண்ணாடி போல ஒழுங்கற்று, வழவழப்பாகப் படியும். அதன்மேல் மக்னீசியம் ஆக்சைடு ஒழுங்காக வளரும். பிறகு சூடேற்றினால் போரான் பக்கத்து டாண்டலம் படலத்துக்குள் வெளியேறிவிடும், மிச்சமுள்ள கோபால்ட்-இரும்பு ஆக்சைடைப் பார்த்துப் படிகமாகும். வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் விருந்தாளி. செண்டாய் நகரத்து டோஹோக்கு பல்கலைக்கழகத்தில் 2008-இல் இந்த அடுக்கில் 604 சதவீத மாற்றத்தை அளந்தார்கள். 2010-இல் அதே குழு கோபால்ட் 20, இரும்பு 60, போரான் 20 என்ற விகிதத்தில் 1.3 நானோமீட்டர் படலத்தை நிமிர்ந்து நிற்க வைத்து, 40 நானோமீட்டர் அகலத்தில் ஒரு நினைவகச் சில்லின் கூறாக்கியது.

இவ்வளவு துல்லியமாக எப்படித்தான் அடுக்குகிறார்கள்? ஸ்பட்டரிங் அறை என்பது துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒரு பெரிய அண்டா, வட்டக் கண்ணாடி ஜன்னலோடு. உள்ளே காற்றை முடிந்தவரை உறிஞ்சிவிட்டு, கொஞ்சமாக ஆர்கான் வாயுவை விடுவார்கள். கைக்கடக்கமான உலோக வட்டு ஒன்றுக்கு மின்னழுத்தம் கொடுத்ததும் அதன்முன் ஊதா வெளிச்சம் எரியும். செம்பு வட்டு என்றால் அதில் பச்சை கலந்திருக்கும். ஆர்கான் அயனிகள் வட்டில் மோதி அணுக்களைப் பெயர்க்கின்றன. பெயர்ந்தவை எதிரே சுழலும் சிலிக்கன் தகட்டில் போய் ஒட்டுகின்றன. வேகம் நொடிக்கு ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால், பத்து நொடி மூடியைத் திறந்து மூடினால் ஒரு நானோமீட்டர். பக்கத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் படியும் எடைக்கு ஏற்ப அதிர்வெண் குறைவதைப் பார்த்துத் தடிமனைக் கணக்கிடுவார்கள். கலவையை மாற்ற இரண்டு வட்டுகளை ஒரே நேரத்தில் எரியவிட்டு, ஒன்றின் வாட்டைக் கூட்டி மற்றதைக் குறைத்தால் போதும். தகட்டைச் சுழற்றாமல் நிறுத்தினால் ஒரு முனையில் கோபால்ட் கூடுதலாகவும் மறுமுனையில் இரும்பு கூடுதலாகவும் படியும். ஒரே துண்டில் கலவைகளின் முழு வரிசையும் கிடைத்துவிடும்.

அண்டா வாங்கக் கோடிகள் வேண்டும், சிறிய கல்லூரிக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். வெற்றிடமே இல்லாமல், பீக்கரில் செய்யும் வழி ஒன்று இருக்கிறது: மின்முலாம். கோபால்ட் உப்பு நிறையவும் செம்பு உப்பு மிகக் கொஞ்சமாகவும் கலந்த ஒரே கரைசல். குறைந்த மின்னழுத்தத்தில் செம்பு மட்டும் படியும். அழுத்தத்தைக் கூட்டினால் கோபால்ட் வெள்ளமாக வந்து படியும், அதில் செம்பு துளியளவே கலந்திருக்கும். அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தால் பல்லடுக்கு தயார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் 1993-இல் இப்படிச் செய்த கோபால்ட்-நிக்கல்-செம்பு அடுக்குகளிலும் ஜி.எம்.ஆர். தெரிந்தது. மின்வேதியியலுக்கு என்றே ஒரு மத்திய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. முலாம் பூசும் கலையில் கேள்வி எழுந்தால் போய் நிற்க அதைவிட நல்ல வாசல் நாட்டில் குறைவு.

எல்லாம் சரி, நெய்வேலிக்கு இதனால் ஆவதென்ன? பதில் வடக்கே, கடலோரத்தில், கல்பாக்கத்தில் இருக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் பொருட்களை உடைக்காமல் சோதிக்கும் பிரிவினர், ஜி.எம்.ஆர். உணரிகளை வரிசையாக வளையும் பட்டையில் பதித்து ஒரு கருவி உருவாக்கி 2012-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். சோதித்த பொருள், வான்வழிக் கம்பிப் பாதையில் வாளிகளைத் தாங்கும் 64 மில்லிமீட்டர் எஃகுக் கயிறு. கயிற்றைச் சுற்றிச் சேணம் போன்ற சுருள்களை வைத்துக் காந்தமாக்குவார்கள். கயிறு முழுதாக இருந்தால் காந்தப்புலம் உள்ளேயே ஓடும். ஓர் இழை அறுந்திருந்தாலோ, தேய்ந்து சன்னமாகியிருந்தாலோ அந்த இடத்தில் புலம் வெளியே கசியும். கசிவை உணரி பிடித்துவிடும். சாதாரணச் சுருளை வைத்தும் பிடிக்கலாம்தான். ஆனால் சுருளில் எழும் மின்னழுத்தம் கயிறு ஓடும் வேகத்தைப் பொறுத்தது, நின்றுவிட்டால் ஒன்றும் தெரியாது. ஜி.எம்.ஆர். உணரி புலத்தையே அளக்கிறது. கயிறு ஓடினாலும் நின்றாலும் கவலை இல்லை. மிகச் சின்னது என்பதால் நெருக்கமாகப் பதிக்கலாம்; பழுது கயிற்றின் எந்தப் பக்கத்தில் என்பதும் படமாகத் தெரியும்.

பக்கெட் வீலின் நீண்ட கையைத் தூக்கிப் பிடிப்பது எஃகுக் கயிறுகள். மேல்மண்ணும் கரியும் ஓடும் அகலமான பெல்ட்டுகள் பலவற்றின் வயிற்றுக்குள் ரப்பரில் புதைந்திருப்பதும் எஃகுக் கயிறுகள். ரப்பர் மூடியிருப்பதால் உள்ளே ஈரம் புகுந்து துரு ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. உலகின் பல சுரங்கங்களில் இப்படிப்பட்ட பெல்ட்டுகளைக் காந்த உணரிகளின் கீழ் ஓடவிட்டு, துருப்பிடித்த இழையும் பிரிந்த இணைப்பும் எங்கே என்று வரைபடமாக எடுக்கிறார்கள். வெயில், தூசு, பழுப்பு நிலக்கரியின் ஈரம், பக்கத்தில் பிரம்மாண்ட மோட்டார்களின் காந்தப்புலம் எல்லாம் சேர்ந்த நெய்வேலிச் சூழலுக்கு ஏற்ற உணரி எது, அதன் அடுக்கில் என்ன கலவை இருந்தால் இரைச்சல் குறையும் என்பது நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. நகரியத்திலேயே பயன்பாட்டு ஆராய்ச்சிக்கு ஒரு மையம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே வீட்டில் செய்ய ஒரு வேலை. ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். யூலிஷிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஆகென் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்டது. கைபேசிக்குள் இருக்கும் காந்தமானியின் எண்ணை அப்படியே காட்டும். ஒரு சின்னக் காந்தத்தையும் அடுக்களையின் எவர்சில்வர் பாத்திரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தத்தில் ஒட்டும் பாத்திரம், ஒட்டாத பாத்திரம் என்று இரண்டாகப் பிரியும். குரோமியம் மட்டும் சேர்த்த எஃகு ஒட்டும். போதிய நிக்கலோ மாங்கனீசோ சேர்த்தது ஒட்டாது. இனி ஒட்டாத டம்ளரின் மடித்த விளிம்பையும் தட்டையான அடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சிலவற்றில் விளிம்பு மட்டும் லேசாக இழுக்கும். மடித்தபோது ஏற்பட்ட அழுத்தத்தில் அங்கே மட்டும் படிக அமைப்பு மாறியிருக்கும். கலவை விளிம்பிலும் அடியிலும் ஒன்றுதான். எண்களைக் குறித்து வைத்து வகுப்பில் ஆசிரியரிடம் காட்டுங்கள். விவாதம் ஒரு பாடவேளையில் முடியாது.

யூலிஷில் இப்போது என்ன நடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அந்த வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரியை எரிப்பதை 2030-க்குள் நிறுத்த முடிவாகியிருக்கிறது. சுரங்கத் தொழில் போனபின் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்கு ஜெர்மன் அரசு ஒதுக்கிய நிதியில் ஒரு பகுதி அதே ஆராய்ச்சி மையத்துக்குப் போகிறது: ஹைட்ரஜன் தொழில்நுட்பத்துக்கும், மூளையைப் போல் இயங்கும் கணினிச் சில்லுகளுக்கும். பின்னதில் மென்படல அடுக்குகள் மறுபடி வருகின்றன. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. இங்கே அடுத்தது என்ன என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் பெரியவர்கள் சோலார், காற்றாலை, தாதுக்கள் என்று பேசுவார்கள். காந்தமும் மென்படலமும் தெரிந்த நான்கு பேர் அந்த அறையில் இருந்தால் பேச்சின் பட்டியல் நீளும்.

ஸ்பட்டரிங் அறையை நேரில் பார்க்க விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வழி: நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானவர்கள் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் தங்கி வேலை கற்கலாம், ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வழக்கமாக நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். எதற்காக வருகிறீர்கள் என்று அதில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள். காந்தவியலில் ஆர்வம் உண்டு என்று பொதுவாக எழுதாதீர்கள். பெல்ட்டுக்குள் துருப்பிடிக்கும் கயிற்றைக் கண்டுபிடிக்கும் உணரியின் அடுக்கில் இரும்பை எத்தனை சதவீதம் வைப்பது என்று தெரிந்துகொள்ள வருகிறோம் என்று எழுதுங்கள்.

அன்புடன்.